ஆச்சி உட்கார்ந்த தெருவும் வாச்சாத்தி ஆலமரமும்: 'அறம்' தொகுப்பைப் பற்றி

புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு ஒரே ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பைக் கொடுக்கச் சொன்னால் நான் ஜெயமோகனின் 'அறம்' தொகுப்பைத்தான் கொடுப்பேன். கொடுத்துக்கொண்டும் இருக்கிறேன். கொடுத்த பிரதி திரும்பி வருவதில்லை. வாங்கிப் போனவர் அதை இன்னொருவருக்குக் கொடுத்திருப்பார், அவர் வேறொருவருக்கு. அதில் எனக்கு வருத்தமே கிடையாது. ஆனால் இந்தப் புத்தகத்தைப் பாராட்டி மட்டும் எழுதிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. தருமபுரி மாவட்டத்தில் இருந்துகொண்டு படிக்கிற ஒருவனுக்கு இதில் ஒரு பெரிய குறை கண்ணில் படுகிறது. அதைப் பேசத்தான் இந்தப் பதிவு. முதலில் அதன் பலத்தை மனம் நிறையச் சொல்லிவிட வேண்டும்.

தெரியாதவர்களுக்காகச் சில விவரங்கள். 2011-ம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெயமோகன் தன் இணையதளத்தில் அடுத்தடுத்து எழுதிய கதைகள் இவை. அதே ஆண்டு திருவண்ணாமலை வம்சி புக்ஸ் நூலாக வெளியிட்டது. மொத்தம் 13 கதைகள். எல்லாமே வாழ்ந்த மனிதர்களை வைத்து எழுதப்பட்டவை. எழுத்தாளர் எம்.வி.வெங்கட்ராமின் சாயலில் ஒரு பெரியவர், யானைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் வி.கிருஷ்ணமூர்த்தி, நெய்யூர் மருத்துவமனையின் டாக்டர் சாமர்வெல், 'சுபமங்களா' ஆசிரியர் கோமல் சுவாமிநாதன், நாகர்கோவில் பூமேடை ராமையா, குமரி மாவட்டத்தின் மார்ஷல் நேசமணி, தன் அமெரிக்கக் குடியுரிமையை 1948-ல் துறந்து உலகக் குடிமகன் என்று அறிவித்துக்கொண்ட கேரி டேவிஸ் என்று பலர் வருகிறார்கள். பிரியம்வதா ராம்குமார் மொழிபெயர்ப்பில் 2022-ல் ஆங்கிலத்துக்கும் போய்விட்டது.

எங்கள் மாவட்டத்துக்கும் இந்த எழுத்தாளருக்கும் பழக்கம் உண்டு. எண்பதுகளின் கடைசியில் பாலக்கோட்டுக்கு வந்து, பிறகு தருமபுரியில், தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர். 1997-ல் வெளிவந்த 'விஷ்ணுபுரம்' நாவல் உருவான வருடங்களில் அவர் இந்த ஊர்க்காரர்தான். ஆனாலும் 'அறம்' தொகுப்பின் எந்தக் கதைக்கும் தருமபுரி களம் அல்ல. அதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. எழுத்தாளன் எந்த மண்ணை எழுத வேண்டும் என்று வாசகன் சட்டம் போடக்கூடாது. நான் சொல்லப் போகும் குறை வேறு.

பலத்திலிருந்து தொடங்குகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்பின் வாசல் 'சோற்றுக்கணக்கு'. திருவனந்தபுரத்துக்குப் படிக்கப் போகிற ஏழைப் பையன் ஒருவன் மாமா வீட்டில் தங்குகிறான். மாமி சோறு போடுகிற விதத்திலேயே அவனைக் கூனிக் குறுக வைக்கிறாள். வீட்டை விட்டு வெளியேறி, அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டு பசியோடு அலைகிறவன், சாலை பஜாரில் கெத்தேல் சாகிப் நடத்தும் சாப்பாட்டுக் கடைக்குப் போய்ச் சேர்கிறான். அங்கே சாப்பாட்டுக்கு விலை கிடையாது. ஒரு பெட்டி இருக்கும். இருக்கிறவன் போடலாம், இல்லாதவன் போடாமல் போகலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். (சாலை பஜாரில் கெத்தேல் என்ற பேரோடு கோழிக்கறிக்குப் பேர்போன ஓர் உணவகம் இன்றைக்கும் இருக்கிறது. கதையைப் படித்துவிட்டு அதைத் தேடிப் போய்ச் சாப்பிட்டு வந்தவர்கள் உண்டு.)

இந்தக் கதையை நான் பெரிதாக நினைப்பதற்குக் காரணம் சாகிப்பின் நல்ல குணம் இல்லை. நல்லவர்களைப் பற்றிய கதைகள் எல்லா வார இதழிலும் வந்திருக்கின்றன. இங்கே சாகிப் சிரிப்பதே இல்லை. அம்மைத் தழும்பு முகம், முரட்டுக் கை. இலையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்தால் அதட்டுவார். அந்த அதட்டலில் பையன் தன் தாயைப் பார்க்கிறான். அன்பை இனிப்பாகக் காட்டாமல், கறித்துண்டை அள்ளி இலையில் எறிகிற வேகத்தில் காட்டியது பெரிய கலைத் தந்திரம். பையனுக்கு வேலை கிடைத்து, சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் போடுகிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு முட்டுகிறது. கட்டுக்கட்டாகப் பணம் விழுகிறது. சாகிப்பின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நேற்றுப் போட்ட மாதிரியே இன்றைக்கும் சோற்றைக் கொட்டுகிறார். வேறொருவர் எழுதியிருந்தால் அந்த இடத்தில் சாகிப்பை அழ வைத்திருப்பார், இல்லாவிட்டால் இரண்டு வரி தத்துவம் பேச வைத்திருப்பார். இங்கே அந்த மௌனம் கதையைக் காப்பாற்றுகிறது.

எங்கள் பக்கத்தில் இந்தக் கதையைப் படித்தவர்கள் ஏன் உடைந்து போகிறார்கள் என்று எனக்குத் தெரியும். வானம் பார்த்த பூமி இது. சாமையும் ராகியும் விளைகிற மேட்டு நிலம். பெங்களூரில் கட்டட வேலை, திருப்பூரில் பனியன் கம்பெனி என்று போய்த்தான் பல குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கின்றன. உறவுக்காரர் வீட்டில் தங்கி, இரண்டாவது முறை சோறு கேட்கக் கூசி எழுந்து வந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். என் நண்பர் ஒருவர் இந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றுகொண்டிருந்தார். நான் எதுவும் கேட்கவில்லை.

தலைப்புக் கதையான 'அறம்' அதே தரத்தில் நிற்கிறது. காலமெல்லாம் கூலிக்குப் புத்தகம் எழுதித் தள்ளிய ஓர் எழுத்தாளர். மகள் கல்யாணத்துக்கு அவர் வைத்திருந்த நம்பிக்கையெல்லாம் பதிப்பாளர் தர வேண்டிய பணத்தின் மேல். கேட்கப் போனால் அவமானம் மிஞ்சுகிறது. வயிறெரிந்து ஒரு வெண்பாவில் சாபம் எழுதி வைத்துவிட்டு வருகிறார். இதுவரை நமக்குத் தெரிந்த கதை. பழைய கதைகளில் புலவன் அறம் பாடினால் எதிரி எரிந்து போவான். ஆனால் இங்கே அந்த வெண்பா பதிப்பாளரின் மனைவியைப் போய்த் தைக்கிறது. அந்த ஆச்சி கொதிக்கிற வெயிலில், தார் உருகும் தெருவில் போய் உட்கார்ந்துவிடுகிறாள். பணம் கொடுக்கப்படும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்கிறாள். படிப்போ இலக்கியமோ அறியாத அந்தப் பெண்தான் அந்த வெண்பாவின் பொருளை முழுசாகப் புரிந்துகொண்டவள். அறம் என்பது கவிஞனின் நாக்கில் இல்லை, இவளிடம் இருந்தது என்று கிழவர் உணர்கிற இடம் இந்தத் தொகுப்பு முழுவதற்கும் சாவி. ஆச்சியை மறந்துவிடாதீர்கள். பின்னால் அவளிடம் திரும்பி வருவேன்.

'யானை டாக்டர்' பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். காட்டுக்குப் போகிறவர்கள் உடைத்தெறிகிற பீர் பாட்டில் யானையின் காலில் ஏறி, சீழ் பிடித்து, அந்தப் பேருடல் தானே அழுகிச் சாகிறது என்பதை இந்தக் கதைக்கு முன் எத்தனை பேர் யோசித்திருப்போம்? தனிச் சிறுநூலாக அது ஆயிரக்கணக்கில் மாணவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஒரு காலத்தில் எங்கள் மாவட்டத்தோடு சேர்ந்திருந்து, 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அந்தப் பக்கம் போய்விட்ட சிங்காரப்பேட்டையிலிருந்து இயங்கும் குக்கூ நண்பர்களின் தன்னறம் நூல்வெளியும் அதை அச்சிட்டிருக்கிறது. புழுக்களை அருவருக்காமல் கையில் எடுத்துப் பார்க்கச் சொல்லும் அந்த டாக்டரின் பேச்சு, பள்ளிக்கூடத்தில் எந்த உயிரியல் பாடமும் தராத பார்வையைத் தருகிறது.

ஆனால் தருமபுரிக்காரனுக்கு யானை என்றால் அந்தக் கதை நடக்கும் டாப்ஸ்லிப் காடு நினைவுக்கு வராது. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி பக்கம் வயலுக்குப் போட்டிருந்த சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்து விழுந்ததும், இரண்டு குட்டிகள் அந்த இடத்தை விட்டுப் போகாமல் சுற்றிச் சுற்றி வந்ததும்தான் நினைவுக்கு வரும். அந்த யானைகளைக் கொன்றது காட்டில் கும்மாளம் போட வந்த பணக்காரக் கூட்டம் இல்லை. ஒரு விவசாயியின் வேலி. பயிரைக் காப்பாற்றியே ஆக வேண்டிய நிலைமை அதற்குப் பின்னால் இருந்தது. கொலைக்கு அது நியாயம் ஆகாது. ஆனால் 'யானை டாக்டர்' கதையில் கெட்டவர்களை அடையாளம் காண்பது சுலபம், இங்கே அது சுலபமாக இல்லை. அந்தக் கதைக்குள் காட்டு ஓரத்துக் குடியானவன் நுழைந்திருந்தால் அது இன்னும் கனமான கதையாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

'நூறு நாற்காலிகள்' கதைக்கு வருகிறேன். தொகுப்பின் உச்சம் இதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாயாடிச் சமூகத்தில் பிறந்து ஐ.ஏ.எஸ். ஆன ஒருவர், பிச்சையெடுத்துத் திரிந்த தன் தாயை அரசு மருத்துவமனையில் சாகும் நிலையில் கண்டுபிடிக்கிறார். மகன் சட்டை போட்டிருப்பதும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் அந்தத் தாய்க்குப் பயங்கரமாக இருக்கிறது. கழற்றச் சொல்லிக் கெஞ்சுகிறாள், எழுந்திருக்கச் சொல்லி அழுகிறாள். அவளுடைய அறிவு அது. அவள் அனுபவத்தில் நாற்காலியில் உட்கார்ந்தவனைக் கொன்றுவிடுவார்கள். மகனோ நாற்காலியில் உட்கார்ந்தும் அதிகாரம் எதுவும் கைக்கு வராமல் ஒவ்வொரு நாளும் அவமானப்படுகிறார். அவள் சொன்னதுதான் சரியோ என்று நம்மையே தடுமாற வைக்கும் கதை. ஜெயமோகனே மலையாளத்திலும் எழுதி, அங்கேயும் மிகப் பரவலாக வாசிக்கப்பட்டது.

2012 நவம்பர் 7 அன்று இங்கே தலித் குடியிருப்புகளான நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் சாதி வன்முறையில் எரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். எரிந்தவற்றில் கட்டிலும் பீரோவும் மோட்டார் சைக்கிளும் பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களும் இருந்தன. பெங்களூருக்குப் போய்ச் சம்பாதித்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்ததுதான் அந்த மக்கள் செய்த குற்றம். தாயின் அலறலை அதற்குப் பிறகு படித்தபோது அது பழைய காலத்துப் பயமாக எனக்குத் தெரியவில்லை. கதை நூலாக வந்த மறு வருடம் நடந்தது அது.

இந்தக் கதை மற்ற பன்னிரண்டிலிருந்து எங்கே விலகுகிறது என்று பல நாள் யோசித்தேன். இதில் காப்பாற்ற வருகிற பெரிய மனிதர் கதையின் மையத்தில் இல்லை. படிக்க வைத்த சாமியார் ஒருவர் உண்டு, ஆனால் அவர் ஓரமாக விலகிவிடுகிறார். கதைசொல்லியே அடிபட்டவர், அவரே குற்ற உணர்ச்சியிலும் வெந்துகொண்டிருப்பவர். தன் தாயை வெறுத்த கணங்களையும் மறைக்காமல் சொல்கிறார். மற்ற கதைகளின் அமைப்பு வேறு. ஒரு மகத்தான மனிதர் இருப்பார். அவரை அருகிலிருந்து பார்த்த சாதாரண ஆள் ஒருவர் நமக்கு விவரிப்பார். அவர் வியப்பார், நெகிழ்வார், கடைசியில் கண்ணீர் விடுவார். நாமும் கூடவே விடுவோம்.

இங்கிருந்துதான் குறைகள் தொடங்குகின்றன.

தருமபுரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போயிருக்கிறீர்களா? நடுகற்கள் வரிசையாக இருக்கும். எங்கள் மாவட்டத்தின் காடுமேடெல்லாம் கிடைத்தவை. ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஊர் எடுத்த கல். கல்லில் ஒருவன் மட்டும் நிற்பான். வாளும் வில்லும் கையில், சில கற்களில் அவனுக்காகச் சொர்க்கமும் திறந்திருக்கும். அந்தச் சண்டையில் அவனோடு நின்ற ஊர்க்காரர்கள் கல்லில் இல்லை. 'அறம்' தொகுப்பின் கதைகள் எனக்கு நடுகற்களாகவே தோன்றுகின்றன. வணங்கத் தக்கவை, உண்மையானவை, ஒருவனை மட்டும் செதுக்குபவை. அவ்வைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூரில் பிறந்தவனுக்கு இந்தச் செதுக்கலின் அழகு புரியாமல் போகாது. ஆனால் ஒன்றன் பின் ஒன்றாகப் பதின்மூன்று கற்களைப் பார்த்து முடிக்கும்போது, சுற்றி நின்றவர்கள் எங்கே என்ற கேள்வி வந்துவிடுகிறது.

சின்னக் குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கதைகளின் குரல் எப்போதும் உச்சத்திலேயே இருக்கிறது. ஒரே மூச்சில் மூன்று கதைகள் படித்தால் நெஞ்சு களைத்துப் போகிறது. நாளுக்கு ஒன்றுக்கு மேல் படிக்காதீர்கள் என்றுதான் நான் கொடுக்கும்போதே சொல்கிறேன். சில கதைகளில் பேச்சு நீண்டு கட்டுரையாகிவிடுகிறது. 'உலகம் யாவையும்' அப்படித்தான். கேரி டேவிஸின் வாழ்க்கை பிரமாதமான வாழ்க்கை, ஆனால் கதையில் அவர் விளக்கப்படுகிறார், நடமாடுவது குறைவு. 'வணங்கான்' கதையில் கடைசியில் வருகிற யானைச் சவாரி மறக்க முடியாதது. அதே சமயம், அடிமையாக இருந்தவன் நிமிர்ந்துவிட்டான் என்பதைக் காட்ட யானை மேல் ஏற்றித்தான் ஆக வேண்டுமா, எஜமானனின் ஆசனத்திலேயே உட்கார்ந்தால்தான் விடுதலையா என்று மனசு கேட்கிறது.

பெண்கள் விஷயம் சின்னக் குறை இல்லை. ஆச்சி இருக்கிறாள், நாயாடித் தாய் இருக்கிறாள், 'தாயார் பாதம்' கதையில் கணவனின் கொடுமையை விழுங்கிக்கொண்டு வாழ்ந்த அந்தப் பாட்டி இருக்கிறாள். மூவரும் இந்தத் தொகுப்பின் ஆழமான இடங்கள். ஆனால் மூவரைப் பற்றியும் ஆண்கள்தான் நமக்குச் சொல்கிறார்கள். யாரும் தன் வாயால் பேசுவதில்லை. ஆச்சி தெருவில் போய் உட்கார்வதற்கு முந்தைய அந்த ஒரு மணி நேரத்தில் என்ன நினைத்தாள்? புருஷனை எதிர்த்து நடுத்தெருவில் உட்கார்ந்தபின் அந்த வீட்டில் எப்படி வாழ்ந்தாள்? எனக்கு அந்தக் கதை வேண்டும். 'தாயார் பாதம்' அடங்கிய குரலில் எழுதப்பட்ட கதை, அதனாலேயே பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். இரண்டாவது முறை படியுங்கள். குடும்பப் பெருமை என்று நாம் போற்றி வைத்திருப்பதற்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதைத் தொகுப்பிலேயே கூர்மையாகச் சொன்ன கதை அது.

இனி, நான் சொல்ல வந்த பெரிய குறை. அதைச் சொல்ல வாச்சாத்திக்குப் போக வேண்டும்.

சித்தேரி மலையடிவாரத்தில், அரூர் பக்கம் இருக்கிற மலையாளிப் பழங்குடி ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல் துறையும் வருவாய்த் துறையும் சேர்ந்து ஊருக்குள் நுழைந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடியில் கூட்டி வைத்து அடித்தார்கள். 18 பெண்களைத் தனியாக இழுத்துக்கொண்டு போய் வன்புணர்ந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், கிணற்றையும் விட்டுவைக்கவில்லை. குழந்தைகளோடு சேர்த்துப் பெண்களைச் சேலம் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அதன்பின் நடந்தது 19 வருடப் போராட்டம். மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலச் செயலாளராக இருந்த ஏ.நல்லசிவன் நீதிமன்றம் போனார். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கம் ஊரோடு நின்றது. சி.பி.ஐ. விசாரணை வந்தது. அந்தப் பெண்கள் அடையாள அணிவகுப்பில் சீருடைக்காரர்களின் முகத்துக்கு நேரே விரல் நீட்டினார்கள். சாட்சி சொல்லச் சொல்ல வழக்கு இழுத்துக்கொண்டே போனது. அவர்களும் விடாமல் கோர்ட்டுக்கு நடந்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் செத்துப் போனார்கள். மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேதி 2011 செப்டம்பர் 29.

ஆம், 'அறம்' வந்த அதே 2011. தமிழ் வாசகர்கள் அறம் அறம் என்று பேசிக்கொண்டிருந்த வருடத்தில், எங்கள் ஊர்க் கோர்ட்டில் அது நின்று காட்டியது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2023-ல், அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளுபடி செய்து அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது.

இந்தத் தொகுப்பின் கதை அமைப்புக்குள் வாச்சாத்தியை எழுத முடியுமா என்று எனக்குள்ளேயே கேட்டுப் பார்த்தேன். ஒரு வகையில் முடியும். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அதிகாரியாக இருந்த பாமதி, சம்பவம் நடந்த சில வாரங்களில் நேரில் வந்து விசாரித்து, நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். அரசாங்கமே மறுத்துக்கொண்டிருந்த நேரத்தில் அரசு அதிகாரி ஒருவர் செய்த காரியம் அது. ஜெயமோகன் கையில் பாமதியின் கதை கிடைத்திருந்தால் பதினான்காவது கதையாக ஜொலித்திருக்கும். கூடப் போன குமாஸ்தா யாராவது கதை சொல்லியிருப்பார். நாம் அழுதிருப்போம்.

ஆனால் அந்தப் பதினெட்டுப் பேர்? அவர்களில் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்து மகத்தானவளாக்கினால் மற்ற பதினேழு பேருக்கும் துரோகம். அவர்களுடைய பலமே ஒருத்தி சோர்ந்தபோது இன்னொருத்தி பேசியதுதான். அவர்களில் யாரும் கெத்தேல் சாகிப்பைப் போலத் தனியே உயர்ந்து நிற்கும் உருவம் இல்லை. காலையில் களை எடுக்கப் போகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகக் கூலியை விட்டவர்கள், கல்யாணம் நின்று போன பெண்கள், பயந்தவர்கள், பயத்தோடேயே போனவர்கள். அறம் ஒரு பெரிய ஆத்மாவிலிருந்து ஊற்றெடுக்கும் என்பது இந்தத் தொகுப்பின் நம்பிக்கை. வாச்சாத்தியில் அது சங்கக் கூட்டத்திலும், வாய்தா தேதியிலும், பஸ் காசு திரட்டியதிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. அந்த வகை அறத்தைச் சொல்ல இந்தப் பதின்மூன்று கதைகளில் இடமே இல்லை. மாறாக, நல்லவன் ஒருவன் வரும்வரை காத்திருக்கலாம் என்கிற எண்ணத்தை, எழுத்தாளர் நினைக்காமலே, படிக்கிறவன் மனதில் இவை விதைத்துவிடுகின்றன. என் பயம் அதுதான்.

சிறுகதை என்ற வடிவமே ஒருவரை மையமாக வைப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு சரி. ஆனால் மகாஸ்வேதா தேவியின் 'திரௌபதி' கதையை நினைத்துப் பாருங்கள். 1978-ல் வந்த 'அக்னிகர்பா' தொகுப்பில் இருப்பது. சந்தால் பழங்குடிப் பெண் தோப்தியை ராணுவம் பிடித்துச் சிதைக்கிறது. மறுநாள் காலையில் அவள் துணியை உடுத்திக்கொள்ள மறுத்து, அப்படியே அதிகாரி முன்னால் போய் நிற்கிறாள். அவளைப் பார்த்து நெகிழ்வதற்கென்று ஒரு கதைசொல்லியை மகாஸ்வேதா தேவி நியமிக்கவில்லை. நமக்கு அழுகை வருவதில்லை, நடுக்கம் வருகிறது. அவளுக்குப் பின்னால் ஒரு கூட்டம் இருப்பது கதை முழுக்கத் தெரிகிறது. ஆக, வடிவத்தால் முடியும்.

ஜெயமோகனின் 'துணைவன்' கதையிலிருந்துதான் வெற்றிமாறனின் 'விடுதலை' படம் கிளைத்தது. 2023-ல் முதல் பாகம் வந்தபோது, பெண்களைக் காவலர்கள் வதைக்கும் காட்சியில் எனக்கு முன்வரிசையில் இருந்த ஒருவர் பக்கத்து ஆளிடம் "இது நம்ம வாச்சாத்தி" என்றார். அந்த அடையாளத்தைச் சினிமா தந்துவிட்டது. கதை இன்னும் தரவில்லை.

இதே மாவட்டத்தில் பிறந்து ஓசூரில் வாழும் ஆதவன் தீட்சண்யாவையும் இங்கே சேர்த்துப் படிக்கச் சொல்வேன். அவரும் தொலைபேசித் துறைக்காரர்தான் என்பது எனக்குப் பிடித்த தகவல். 'லிபரல்பாளையத்துக் கதைகள்' தொகுப்பில் தனிமனித மகத்துவத்துக்கு வேலையே இல்லை. சாதியும் சந்தையும் அரசாங்கமும்தான் அங்கே பாத்திரங்கள். அதன் கோபமும் எள்ளலும் எனக்கு வேண்டும். ஆனால் அங்கே கருத்து முன்னால் ஓடிவிடுகிறது, மனிதர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறார்கள். கெத்தேல் சாகிப்பின் கையைப் போல ஒரு கை அந்தக் கதைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் மண்ணுக்குத் தேவையான கதை இந்த இரண்டு தொலைபேசித் துறைக்காரர்களுக்கும் நடுவே எங்கேயோ இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆச்சியிடம் வருகிறேன் என்று சொன்னேன். தொகுப்பிலேயே வாச்சாத்திக்குப் பக்கத்தில் வருகிறவள் அவள்தான். அவள் செய்தது மறியல். வெயிலில் தெருவில் உட்கார்வது எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தெரிந்த காரியம். தண்ணீர் வராவிட்டால் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்கிறார்களே, அதே காரியம். அவளுக்குப் பக்கத்தில் இன்னும் நான்கு பெண்களை உட்கார வைத்திருந்தால் இந்தத் தொகுப்பே வேறு திசையில் போயிருக்கும். ஜெயமோகன் அவளைத் தனியாக உட்கார வைத்தார். அதனால் அவள் தெய்வமானாள்.

இவ்வளவு சொன்ன பிறகும் என் தீர்ப்பு மாறவில்லை. 'அறம்' வாங்குங்கள், படியுங்கள், கொடுங்கள். முதலில் 'சோற்றுக்கணக்கு', அடுத்தது 'அறம்', பிறகு 'நூறு நாற்காலிகள்', 'தாயார் பாதம்'. மற்றவை உங்கள் விருப்பம். 'உலகம் யாவையும்' கடைசியில் இருக்கட்டும்.

அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, சித்தேரிப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். 1992-ல் இருபது வயதில் இருந்த பெண்களுக்கு இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வழக்கு விவரங்கள் தீர்ப்பில் இருக்கின்றன, அவை எங்கும் போகாது. தீர்ப்பில் இல்லாதவை அவர்களிடம்தான் இருக்கின்றன: கோர்ட்டுக்குப் போன நாளில் வீட்டில் யார் சமைத்தார்கள், பஸ்ஸில் என்ன பேசினார்கள், எந்த நாளில் விட்டுவிடலாம் என்று தோன்றியது. அவர்கள் சொல்ல விரும்பினால் போய் உட்கார்ந்து கேளுங்கள். விரும்பாவிட்டால் வற்புறுத்தாமல் திரும்பி வாருங்கள். கேட்டதைக் கதையாக எழுதினால் எனக்கு அனுப்புங்கள். பேரையும் அடையாளத்தையும் மாற்றி, அவர்கள் சம்மதத்தோடு, இந்தப் பக்கத்திலேயே வெளியிடுகிறேன்.